படிப்பதற்கு ஒன்று, வைத்துக்கொள்வதற்கு ஒன்று

மின்னூல் படிப்பதற்கென்றே வரும் கருவியான இ-ரீடரா, அச்சுப் புத்தகமா என்று பேச்சு கிளம்பும்போதெல்லாம், இ-ரீடரையும் போனையும் டேப்லெட்டையும் 'ஸ்கிரீன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். "நாள் முழுக்க ஸ்கிரீனைப் பாத்துக் கண்ணு எரியுது, படிக்கிறதும் அதுலயேவா?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. நியாயமான கேள்வி, ஆனால் போனைப் பார்த்துக் கேட்க வேண்டியது. போனின் திரை தானே ஒளிவிட்டு அந்த ஒளியைக் கண்ணுக்குள் அனுப்புகிறது. இ-ரீடரின் திரையில், மேலே விழும் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால்தான் எழுத்து தெரிகிறது. காகிதத்திலும் இதேதான் நடக்கிறது. நல்ல வெயிலில் போன் திரை மங்கிப்போகும். இ-ரீடர் இன்னும் பளிச்சென்று தெரியும்.

அந்தத் திரைக்குள் இருப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். தலைமுடியின் தடிமனே உள்ள நுண்ணிய உறைகள் லட்சக்கணக்கில் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் உறைக்குள்ளும் தெளிந்த திரவம், அதில் வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும். வெள்ளைக்கு நேர்மின்னூட்டம், கருப்புக்கு எதிர்மின்னூட்டம். மின்புலம் மாறினால் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் இறங்கும். கருப்பு மேலே வந்த இடம் எழுத்து, வெள்ளை வந்த இடம் தாள். வந்து நின்ற துகள்களை அங்கேயே பிடித்துவைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் புரட்டும் நொடியில்தான் திரை மின்சாரம் கேட்கிறது. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருவது அதனால்தான். பக்கம் மாறும்போது சில சமயம் திரை முழுக்க ஒரு கணம் கருத்து வெளுக்குமே, அது கோளாறு இல்லை. முந்தைய பக்கத்தின் நிழல் தங்கிவிடாமல் இருக்க எல்லாத் துகள்களையும் ஒருமுறை புரட்டிப்போடுகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய இந்த நுட்பம் 1997-இல் இ-இங்க் என்ற நிறுவனமாக வெளியே வந்தது. 2004-இல் சோனி ஜப்பானில் விற்ற லிப்ரியேதான் இதை வைத்துக் கடைக்கு வந்த முதல் இ-ரீடர். அமேசானின் இ-ரீடரான கிண்டில் 2007 நவம்பரில் வந்தது. 2012 வாக்கில் திரைக்கு உள்விளக்கும் வந்துவிட்டது. அந்த விளக்கும் ஓரத்திலிருந்து பக்கத்தின்மேல்தான் விழுகிறது, பின்னாலிருந்து கண்ணை நோக்கி வருவதில்லை. கண் வலிக்கும் என்ற வாதத்தை இ-ரீடரைப் பொறுத்தவரை இத்தோடு ஓரமாக வைத்துவிடலாம் என்றே நினைக்கிறேன். புத்தக வாசனையைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

எனக்கு இரண்டும் வேண்டும். படிப்பதற்கான கருவியாக இ-ரீடர் அச்சை எட்டிவிட்டது, சில இடங்களில் தாண்டியும் போய்விட்டது. ஆனால் ஒரு புத்தகத்தை நம்முடையது என்று சொல்லி வைத்துக்கொள்ளும் உரிமை, அச்சோடு வந்தது, மின்னூலோடு வரவில்லை. நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். இந்த விவாதத்தில் அது கடைசியில்தான் பேசப்படுகிறது, பல நேரம் பேசப்படுவதே இல்லை.

முதலில் தாண்டிப்போன இடங்கள். என் அம்மாவுக்குக் கண் பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கிய பிறகு அச்சுப் புத்தகம் கையைவிட்டுப் போயிற்று. பூதக்கண்ணாடியோடு கொஞ்ச நாள் போராடினார். கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி வரியைப் பிடிப்பதற்குள் வாக்கியத்தின் தலைப்பக்கம் மறந்துபோகிறது என்று மூடி வைத்துவிட்டார். இ-ரீடரில் எழுத்தை அதன் எல்லைவரை பெரிதாக்கிக் கொடுத்தோம். ஒரு வரிக்கு இரண்டு சொல், மூன்று சொல்; ஒரு திரைக்கு ஒரு வாக்கியம் முழுசாக அடங்காது. தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் தட்டிக்கொண்டே படித்தார். "இப்பதான் எழுத்து என் பக்கம் வருது" என்றார். வாழ்நாள் முழுக்கப் படித்த ஒருவருக்குப் படிப்பைத் திரும்பக் கொடுத்த கருவி இது. அதைப் பற்றி ஒரு குறை சொல்வதென்றாலும் இந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும்.

எடையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆயிரம் பக்க நாவலைப் படுத்துக்கொண்டு படித்தவர்களுக்கு மணிக்கட்டு வலி தெரியும். இ-ரீடரில் ஆயிரம் பக்கமும் அறுபது பக்கமும் ஒரே கனம். புரியாத சொல்லின்மேல் விரலை வைத்தால் பொருள் வருகிறது. அடிக்குறிப்பைத் தொட்டுப் படித்துவிட்டு விட்ட வரிக்கே திரும்பலாம். காப்புரிமை முடிந்த நூல்கள் இலவசம். 1971 ஜூலை 4 அன்று மைக்கேல் ஹார்ட் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து போட்டதில் தொடங்கியது, நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டம். அன்றைக்கு இ-ரீடர் என்ற பொருளே கிடையாது. தமிழுக்கு 1998-இல் மதுரைத் திட்டம் வந்தது. முகம் தெரியாத தன்னார்வலர்கள் உலகின் மூலைமூலையில் உட்கார்ந்து சங்க நூல்களையும் காப்பியங்களையும் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தார்கள். இன்று என் இ-ரீடரில் இருக்கும் பழந்தமிழ் நூல்களில் பெரும்பகுதி அவர்களுடைய உழைப்பு.

தமிழில் படிக்கிறவர்களுக்கென்று தனியாகச் சில தொல்லைகளும் உண்டு. பழைய கருவிகள் சிலவற்றில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கொம்பும் காலும் பிரிந்து தொங்கும், நடுவே புள்ளி வட்டம் முளைக்கும். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டியது மென்பொருளின் வேலை. அதைச் செய்யாத மென்பொருளில் தமிழ் சிதறும். இப்போது வரும் கருவிகளில் இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. சரியாகாதது ஸ்கேன் பிடிஎஃப். பெரிய தாளைப் படமெடுத்து ஆறு அங்குலத் திரையில் போட்டால் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினால் வரி பாதியில் வெட்டுப்பட்டுத் திரைக்கு வெளியே போகும். இ-ரீடர் வாங்கிய மறுவாரமே அதை அலமாரியில் போட்டுவிட்டவர்களை விசாரித்தால், அவர்கள் படித்துப்பார்த்தது பெரும்பாலும் ஸ்கேன் பிடிஎஃபாகத்தான் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் வழியாக வந்த நூல்களில் இன்னொரு சங்கடம்: துணைக்காலும் ரகரமும் அதன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. 'காலம்' என்பது 'கரலம்' என்று வந்து நிற்கும். ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு என்றால் தாண்டிப் போய்விடலாம். கவிதையில் ஒரே ஒன்று வந்தாலும் அந்த வரி போயிற்று. மெய்ப்புப் பார்க்க ஆள் வைக்காமல் மின்னூலை விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அச்சு இன்னும் முன்னால் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு வரி புத்தகத்தில் எங்கே இருந்தது என்பது நம் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. இடப்பக்கம், மேலிருந்து கால்வாசி, புத்தகம் பாதி கடந்த பிறகு என்று கை தானாகப் போய்த் திறக்கும். இ-ரீடரில் எல்லாப் பக்கமும் ஒரே இடத்தில்தான் வருகிறது. படித்ததன் கனம் இடக்கையிலும் மிச்சம் இருப்பதன் கனம் வலக்கையிலும் சேர்வதில்லை. கீழே ஓடும் சதவீதக் கணக்கு அதற்கு ஈடாகவில்லை.

நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனே மாங்கன் தன் சகாக்களோடு 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டுப் பார்த்தது. 50 பேர், 28 பக்கத் துப்பறியும் கதை, பாதிப் பேருக்குக் கிண்டில், பாதிப் பேருக்குக் காகிதம். கதையைப் புரிந்துகொண்டதில் பெரும்பாலான கேள்விகளுக்கு இரண்டு தரப்பும் சமம். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது மட்டும் காகிதத்தில் படித்தவர்கள் மேலாக வந்தார்கள். இதற்கு முந்தைய ஆண்டு, 54 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு பெரிய அலசல் வந்தது. திரையில் படிப்பதைவிடக் காகிதத்தில் படிக்கும்போது புரிதல் சற்றுக் கூடுதல் என்றது. ஆனால் அந்த இடைவெளி தெரிந்தது தகவல் நூல்களில். கதை மட்டும் படிக்கும்போது வித்தியாசம் தென்படவில்லை. அந்த ஆய்வுகளில் பலவும் இ-ரீடரை அல்ல, கணினித் திரையை வைத்து நடந்தவை. "காகிதத்தில் படித்தால்தான் மண்டையில் ஏறும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாவலை இ-ரீடரில் படித்து நான் எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை. வரலாறு, இலக்கணம், முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் படிக்க வேண்டிய எதுவும் எனக்குக் காகிதத்தில்தான் கைக்கு வருகிறது.

இந்த 'இடம்' என்பது படிப்பவர் ஒருவரோடு முடிவதும் இல்லை. வயதில் மூத்த நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கட்டுரைத் தொகுப்பை இரவல் வாங்கிப்போனார். திரும்பி வந்தபோது, நான் ஒரு பத்தியின் ஓரத்தில் போட்டிருந்த கேள்விக்குறியை ஒட்டி, பென்சிலில் பொடி எழுத்தில், "இதற்குப் பதில் 112-இல் இருக்கிறது, பாருங்கள்" என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். இருந்தது. அங்கேயும் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு. எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமே மாறிப்போகும் இ-ரீடரில் இந்தக் குறிப்புக்கு வேலை இல்லை. அதைவிட முக்கியம், அந்தப் புத்தகத்தை அவருக்கு நான் கொடுத்திருக்கவே முடியாது. என் கணக்கில் வாங்கிய மின்னூலை அவர் படிக்க வேண்டுமென்றால் என் கருவியையே கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1908-இல் ஒரு வழக்கு முடிந்தது. ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள், இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் காப்புரிமை மீறல் என்று அச்சடித்துவைத்தது. ஒரு பெரிய கடை 89 சென்டுக்கு விற்றது. ஒருமுறை விற்றுவிட்ட பிரதியின்மேல் பதிப்பாளருக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. பழைய புத்தகக் கடையும் இரவலும் நூலகமும் பல நாடுகளில் நிற்பது இந்த மாதிரியான விதியின்மேல்தான். மின்னூலுக்கு அந்த விதி நீளவில்லை. வாங்கிய மின்னூல்களை மறுவிற்பனை செய்த ஒரு டச்சு நிறுவனத்தின் வழக்கில், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அப்படி விற்க முடியாது என்று 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் பணம் கொடுத்துப் பெறுவது புத்தகம் அல்ல, படிக்கும் அனுமதி. கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய அனுமதி.

எடுத்தும் இருக்கிறார்கள். 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்பனைக்கு வைத்துவிட்டார் என்று தெரியவந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தூரத்திலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவர் எழுதிவைத்த குறிப்புகள், எந்த வரிக்கு எழுதினாரோ அந்த வரி இல்லாமல் பயனற்றுப் போயின. அவர் வழக்குப் போட்டார். அமேசானின் அப்போதைய தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அச்சிலும் உரிமை இல்லாத பதிப்புகள் வந்திருக்கின்றன. அதற்காக யாரும் வீடு புகுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப்போனதில்லை.

மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையையே மூடியது. ஏப்ரலில் அறிவிப்பு, ஜூலையில் வாங்கிய நூல்கள் திறக்கவில்லை. முழுப் பணமும் திரும்ப வந்தது, குறிப்பு எழுதிவைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர். நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். இருந்தாலும், ஓரத்தில் எழுதிய குறிப்புக்கு ஒரு விலை வைத்துக் கணக்கைத் தீர்க்கும் நிலைமை எப்படி வந்தது என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2025 பிப்ரவரி 26 முதல் கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூ.எஸ்.பி. வழியாக ஏற்றும் வசதியையும் அமேசான் நிறுத்தியது. உண்மையில் இது தொடக்கத்திலிருந்தே இருக்கிற கோணல். அந்த முதல் லிப்ரியே இருந்ததே, அதில் இறக்கிய நூல்கள் 60 நாளில் பூட்டிக்கொள்ளும். காகிதத்தை இவ்வளவு அழகாகப் பின்பற்றிய திரையை உருவாக்கிவிட்டு, காகிதத்தின் முதல் குணத்தையே கழற்றிவிட்டார்கள்.

பார்வையற்றவர்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகப் பட்டது. 2009-இல் வந்த இரண்டாம் கிண்டிலில் எந்த நூலையும் இயந்திரக் குரல் வாசித்துக்காட்டும் வசதி இருந்தது. ஒலிநூல் உரிமை கெடுகிறது என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. உடனே, பதிப்பாளர் வேண்டாம் என்றால் அந்த நூலுக்கு மட்டும் குரல் எழாமல் செய்யும்படி மாற்றிவிட்டார்கள். பார்வையற்றோர் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடின. பார்வையற்றோருக்கான பிரதிகளைக் காப்புரிமைத் தடையின்றி உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானையும் ஒரு நாள் இப்படி யாராவது நூலுக்கு நூல் அணைத்துவைத்தால் என்று அம்மாவை நினைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

நூலகங்கள் படும் பாடு தனி. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-இல் ஒரு விதி கொண்டுவந்தது: நூலகம் வாங்கிய மின்னூலை 26 முறை இரவல் கொடுத்தால் உரிமம் தீர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். அச்சுப் புத்தகமும் கைமாறிக் கைமாறிக் கிழியத்தானே செய்கிறது என்பது அவர்கள் வாதம். கிழிந்ததை ஒட்டலாம், பைண்டு போடலாம், பக்கம் போனாலும் மிச்சத்தைப் படிக்கலாம். 27-ஆவது வாசகருக்கு மின்னூல் இல்லவே இல்லை.

காகிதம் சாசுவதம் என்று சொல்ல வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் படிகாரமும் ரோசின் என்ற பிசினும் சேர்த்துச் செய்த தாள்கள், தங்களுக்குள் இருக்கும் அமிலத்தாலேயே மஞ்சளாகி, தொட்டால் பொடிகின்றன. அதற்கு முந்தைய கந்தல்துணித் தாள்கள் இன்னும் வலுவாக இருக்க, பின்னால் வந்தவை உதிர்கின்றன. அப்படி உதிரும் நூல்களைக் காப்பாற்ற இன்று மின்வடிவம்தான் கைகொடுக்கிறது. ஆனால் இத்தனை காலம் நூல்கள் தப்பி வந்ததற்குக் காரணம் தாளின் பலம் மட்டுமில்லை, பிரதிகள் பல கைகளில் சிதறிக் கிடந்ததும்தான். ஒரு வீட்டில் எரிந்தது இன்னொரு வீட்டில் இருந்தது. யாரையும் கேட்காமல் யாரோ வைத்திருந்தார்கள். ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் ஒரே கோப்பை லட்சம் பேர் எட்டிப் பார்க்கும் ஏற்பாட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மின்னூலைப் படியெடுப்பது சுலபம், அதனால் அச்சைவிட அதிகமாகச் சிதறியிருக்க வேண்டிய பொருள் அது. விற்பவர் கோப்பின்மேல் போடும் டிஆர்எம் என்கிற பூட்டுத்தான் படியெடுக்கவிடாமல் தடுக்கிறது.

பூட்டு இல்லாமலும் விற்க முடியும். அறிவியல் புனைவுகளுக்குப் பேர்போன டோர் பதிப்பகம் 2012-இலிருந்து தன் மின்னூல்களை டிஆர்எம் இல்லாமல் விற்கிறது. இன்றும் கடை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. மின்னூலுக்கான பொது வடிவமான ஈபப் மர்மமான கோப்பு அல்ல. இணையப் பக்கங்களை எழுதும் அதே மொழியில் எழுதிய சில கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொட்டலம். கடை மூடினாலும், கருவி உடைந்தாலும், அதைப் பிரித்துப் படிக்க வேறொரு மென்பொருள் எழுதிக்கொள்ளலாம். திருட்டுப் பயம் இருக்கிறதென்றால் வாங்கியவரின் பெயரைக் கோப்புக்குள் பொறித்துக் கொடுக்கட்டும். எழுத்தாளருக்குச் சேர வேண்டிய பணம் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

அதனால் இப்போது நான் செய்வது இது. கவிதை, அகராதி, உரைநூல்கள், யாருக்காவது கொடுக்கத் தோன்றும் என்று தெரிந்த எதுவும் அச்சில். ஒருமுறை படித்தால் போதும் என்ற நாவல்களுக்குக் கடைக்காரரின் அனுமதிச்சீட்டே போதும். அது அனுமதிதான் என்று தெரிந்தே வாங்குகிறேன். பூட்டில்லாத ஈபப்பாகக் கிடைத்தால் கணினியில் ஒன்றும் தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் எடுத்துவைக்கிறேன். தமிழில் மின்னூல் போடும் பதிப்பாளர்களிடம் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் கேட்கிறேன்: உங்கள் தளத்திலேயே ஈபப்பை நேரடியாக விற்கக் கூடாதா? மெய்ப்புப் பார்த்து, எழுத்துச் சிதறாமல், பூட்டுப் போடாமல் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அந்த நூல் ஏற்கெனவே என்னிடம் அச்சில் இருந்தாலும், இன்னொரு முறை வாங்குவேன்.